பிளேட் ரன்னர் படத்தின் வடிவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிட்லி ஸ்காட் இயக்கி 1982 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் வெளியான ‘பிளேட் ரன்னர்’ பற்றி ரசிகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு சீக்கிரமே “நீங்கள் பார்த்தது எந்த வடிவம்?” என்ற கேள்வியில் வந்து நிற்கும். அந்தக் கேள்வியைச் சுற்றி எழும் ஐயங்களுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கதையின் முடிவு உட்பட எல்லாமே இதில் பேசப்படுவதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் “முதன்முறை பார்ப்பவர் எதிலிருந்து தொடங்குவது?” என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுவது நல்லது.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

2019 நவம்பர், லாஸ் ஏஞ்சல்ஸ். ரெப்ளிகண்ட் என்று அழைக்கப்படும் செயற்கை மனிதர்களை டைரல் நிறுவனம் தயாரித்து, பூமிக்கு வெளியே உள்ள குடியிருப்புகளில் அடிமை வேலைக்கு அனுப்புகிறது. அவர்களுக்கு ஆயுள் நான்கே ஆண்டுகள். அங்கிருந்து தப்பிப் பூமிக்கு வந்துவிட்ட சிலரைத் தேடிக் கொல்லும் பொறுப்பு ரிக் டெக்கார்ட் என்ற முன்னாள் காவலனிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஹாரிசன் ஃபோர்டு ஏற்ற வேடம் அது. தப்பி வந்தவர்களின் தலைவன் ராய் பாட்டியாக ருட்கர் ஹாவரும், தான் ரெப்ளிகண்ட் என்பதையே அறியாமல் வாழும் ராக்கேலாக ஷான் யங்கும் நடித்தார்கள். 1968இல் பிலிப் கே. டிக் எழுதிய நாவலைத் தழுவிய படம் இது. படம் வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1982 மார்ச் தொடக்கத்தில், டிக் காலமானார்.

மொத்தம் எத்தனை வடிவங்கள் இருக்கின்றன?

ஏழு என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1982 மார்ச்சில் டென்வர், டாலஸ் நகரங்களில் சோதனைக் காட்சியாகக் காட்டப்பட்ட, வேலை முடியாத பிரதியான வொர்க் பிரிண்ட்; அதே ஆண்டு மே மாதம் சான் டியேகோவில் ஒரே ஒரு முறை காட்டப்பட்ட முன்னோட்ட வடிவம்; ஜூனில் வெளியான அமெரிக்கத் திரையரங்க வடிவம்; வெளிநாடுகளுக்குப் போன, வன்முறை சற்றுக் கூடுதலான சர்வதேச வடிவம்; 1986இல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்ட வடிவம்; 1992இன் ‘டைரக்டர்ஸ் கட்’; 2007இன் ‘ஃபைனல் கட்’.

எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. சான் டியேகோ வடிவத்தில் வேறெங்கும் இல்லாத மூன்று சிறு காட்சிகள் இருந்தன என்பதற்கு மேல் அதைப் பற்றி வாதிட எதுவுமில்லை. தொலைக்காட்சி வடிவம் இரத்தமும் நிர்வாணமும் வசைச்சொற்களும் குறைக்கப்பட்ட ஒன்று, அவ்வளவே. சண்டையெல்லாம் மற்ற ஐந்தைப் பற்றியது. அந்த ஐந்திலும் மிகக் குறுகியது சுமார் 113 நிமிடம், மிக நீண்டது சுமார் 117 நிமிடம்.

இந்த நான்கு நிமிட வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பொதுவாக ஒரு படத்துக்கு இயக்குநரின் தனி வடிவம் என்று ஒன்று வந்தால், அது பெரும்பாலும் நீண்டிருக்கும். கைவிடப்பட்ட காட்சிகளெல்லாம் உள்ளே வந்திருக்கும். ‘பிளேட் ரன்னர்’ அப்படி வளரவில்லை. ஒரு குரல் போனது, ஒரு முடிவு போனது, சில நொடிகள் ஓடும் ஒரு கனவு வந்தது. நீளம் ஏறத்தாழ அப்படியே இருக்க, படம் வேறாகிவிட்டது. ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக ஓயாமல் பேசுவதற்குக் காரணம், இங்கே எவ்வளவு காட்டினார்கள் என்பது அல்ல, யாருக்கு எது தெரியும் என்பது மாறிக்கொண்டே இருப்பதுதான்.

டெக்கார்டின் பின்னணிக் குரலைத் திணித்தது தயாரிப்பாளர்களா?

பெரும்பாலும் ஆம், ஆனால் ரசிகர் உலகம் நம்புகிற அளவுக்குக் கதை நேரானதல்ல.

படத்தின் செலவு திட்டத்தைத் தாண்டியபோது, கூடுதல் செலவுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்த டேன்டம் நிறுவனத்தின் பட் யார்கின், ஜெர்ரி பெரன்சியோ இருவரிடமும் படத்தின் மீதான இறுதி அதிகாரம் ஒப்பந்தப்படி போய்ச் சேர்ந்தது. டென்வரிலும் டாலஸிலும் படம் பார்த்தவர்கள் கதை புரியவில்லை என்றும் முடிவு சோர்வாக இருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். கதையை விளக்க ஒரு குரலும், பார்வையாளரைச் சமாதானத்தோடு வீட்டுக்கு அனுப்ப ஒரு முடிவும் சேர்க்கப்பட்டது அதன் பிறகுதான். இப்போது நாம் கேட்கும் வரிகளைக் கடைசியில் எழுதியவர் தொலைக்காட்சித் தொடர்களில் அனுபவம் மிக்க ரோலண்ட் கிபி.

ஆயினும் பின்னணிக் குரல் என்ற எண்ணம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஹாம்ப்டன் ஃபான்ச்சர் எழுதிய ஆரம்பகாலத் திரைக்கதை வரைவுகளிலேயே அது இருந்தது. 1940களின் துப்பறியும் படங்களில் நாயகன் சலிப்போடு தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போகும் பாணி ஸ்காட்டையும் ஈர்த்ததுதான். சரிவரவில்லை என்று பின்னர் விடப்பட்டது, வேறொருவர் எழுத்தில், வேறொரு காரணத்துக்காகத் திரும்ப வந்து சேர்ந்தது. ஆகவே “கலைஞனின் கனவை முதலாளி கெடுத்தான்” என்ற ஒற்றை வரியில் இதை முடித்துவிடுவது நியாயமாக இருக்காது.

ஹாரிசன் ஃபோர்டு வேண்டுமென்றேதான் அப்படி உயிரில்லாமல் பேசினாரா?

இது நெடுநாள் வதந்தி. குரல் பயன்படுத்த முடியாதபடி இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று எண்ணி அவர் வேண்டா வெறுப்பாகப் படித்தார் என்பார்கள். அந்த வரிகள் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும், ஒப்பந்தம் கட்டாயப்படுத்தியதால் பதிவுக் கூடத்துக்குப் போனார் என்பதும் அவரே வெளிப்படையாகச் சொன்னவை. ஆனால் வேண்டுமென்றே கெடுத்ததாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. கொடுத்ததைத் தம்மால் இயன்றவரை படித்ததாகவே கூறியிருக்கிறார். கேட்டுப் பார்த்தால் குற்றம் குரலில் இருப்பதைவிட எழுத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது தெரியும். தன் முன்னாள் மனைவி தன்னைச் ‘சுஷி’ என்று அழைப்பாள், அதாவது குளிர்ந்த மீன் என்று, என ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வரியை எந்த நடிகரால் காப்பாற்ற முடியும்?

அப்படியானால் அந்தக் குரலை விரும்புகிறவர்களே இல்லையா?

இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1982இலும் அதன் பிறகு பத்தாண்டுகள் வீடியோ கேசட்டிலும் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதுதான் படம். இரவு மழை, நியான் வெளிச்சம், வாஞ்சலிஸின் சிந்தசைசர் இசை, அதன் மேல் களைத்த ஒரு மனிதனின் குரல் என்று எல்லாம் ஒன்றாகவே அவர்கள் நினைவில் படிந்திருக்கிறது. குரல் இல்லாமல் பார்க்கும்போது ஏதோ குறைகிறது என்று அவர்கள் சொல்வதைப் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு காட்சியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

டெக்கார்ட் தெருவோர உணவுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் நடிக்கும் காஃப் என்ற காவலர் பின்னால் வந்து நின்று புரியாத மொழியில் ஏதோ சொல்கிறான். அதில் ஹங்கேரிய மொழிச் சொற்கள் கலந்திருக்கின்றன. திரையில் மொழிபெயர்ப்பு வராது. டெக்கார்டுக்கும் புரியாததுபோலவே தோன்றும், கடைக்காரர்தான் எடுத்துச் சொல்கிறார். குரல் இல்லாத வடிவங்களில் இந்த இடத்தில் டெக்கார்ட் நம்மைப் போலவே திகைக்கும் ஒருவன். குரல் உள்ள வடிவத்திலோ, இது ஜப்பானியம், ஸ்பானியம், ஜெர்மன் எல்லாம் கலந்த தெருப்பேச்சு என்றும், தனக்கு நன்றாகவே புரியும் என்றும், ஆனால் அவன் வேலையைச் சுலபமாக்கத் தான் தயாராக இல்லை என்றும் டெக்கார்ட் நமக்குச் சொல்கிறான். ஒரே முகம், ஒரே பார்வை. ஒன்றில் புரியாத மனிதன், மற்றொன்றில் புரிந்தும் புரியாததுபோல் நடிக்கிற மனிதன். இரண்டாவது டெக்கார்ட் கொஞ்சம் சுவாரசியமானவன் என்பதை மறுப்பது கடினம். குரலை முழுக்கக் குப்பை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்காகக் குரல் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது எங்கே கெடுக்கிறது என்பதற்கு அடுத்த கேள்வியே போதும்.

ராய் பாட்டி இறக்கும் காட்சி வடிவத்துக்கு வடிவம் எப்படி மாறுகிறது?

கூரை விளிம்பில் தொங்கும் டெக்கார்டை, ஆணி குத்திய கையால் ராய் பற்றித் தூக்கிவிடுகிறான். பிறகு மழையில் உட்கார்ந்து, தான் கண்டவற்றையெல்லாம் சொல்கிறான்: ஓரியன் அருகே எரிந்த கப்பல்கள், டான்ஹாய்சர் வாயிலருகே இருளில் மின்னிய கதிர்கள். அந்த நொடிகள் எல்லாம் மழையில் கண்ணீர்போல் காலத்தில் கரைந்துவிடும் என்று முடித்துத் தலை கவிழ்கிறான். எழுதிக் கொடுத்திருந்த வசனத்தைப் படப்பிடிப்புக்கு முன்பு ஹாவர் தாமே வெட்டிச் சுருக்கி, மழையும் கண்ணீருமான அந்த வரியைச் சேர்த்தார் என்பது பலர் அறிந்த செய்தி. அவன் கையிலிருந்த வெண்புறா பறந்து போகிறது. இவ்வளவும் எல்லா வடிவங்களுக்கும் பொது.

அடுத்து வரும் அரை நிமிடத்தில்தான் வேறுபாடு. 1982இன் திரையரங்க வடிவங்களில் டெக்கார்டின் குரல் எழுகிறது: இவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் என்று தெரியவில்லை, ஒருவேளை கடைசி நேரத்தில் உயிரை முன் எப்போதையும்விட அதிகமாக நேசித்திருக்கலாம், தன் உயிரை மட்டுமல்ல, எவருடைய உயிரையும், நம் எல்லோரையும்போல எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம், இன்னும் எவ்வளவு நாள் என்பதுதான் அவனும் தேடிய விடை, என்ற பொருளில் பேசிக்கொண்டே போகிறது.

வொர்க் பிரிண்டில் படம் முழுவதற்கும் இருக்கும் ஒரே பின்னணிக் குரல் இந்த இடத்தில்தான் வருகிறது; ஆனால் அது வேறு வசனம். இரவு முழுவதும் அவன் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நீண்ட, மெதுவான சாவு, கடைசி வரை அவன் முனகவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை, என்று அது சொல்கிறது. இதில் தத்துவம் இல்லை. ஒருவன் கண்ணால் கண்டது மட்டும் இருக்கிறது. என் பார்வையில் இந்தக் காட்சிக்கு எழுதப்பட்ட இரண்டு குரல்களில் இதுவே மேலானது. ஒரு குரல் இருந்தே தீர வேண்டும் என்றால் இப்படி இருந்திருக்கலாம்.

1992, 2007 வடிவங்களில் எதுவும் இல்லை. மழைச் சத்தம், இசை, ஃபோர்டின் முகம். அந்த முகம் கண்ணிமைத்து, ஏதோ சொல்லப் போவதுபோல் இருந்து, சொல்லாமல் விடுகிறது. குரல் உள்ள வடிவத்தில் இந்த முகத்தை நாம் பார்ப்பதே இல்லை, காது வேலை செய்துகொண்டிருப்பதால் கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

மலைப்பாதையில் கார் போகும் அந்த ‘மகிழ்ச்சியான முடிவு’ எங்கிருந்து வந்தது?

திரையரங்க வடிவங்களில், இரண்டு மணி நேரம் இருளிலும் மழையிலும் இருந்த படம், திடீரென்று பட்டப்பகலில் பச்சை மலைகளுக்கு நடுவே வந்துவிடுகிறது. டெக்கார்டும் ராக்கேலும் காரில் போகிறார்கள். அந்த மலைக்காட்சிகளை இந்தப் படத்துக்காக எடுக்கவில்லை. ஸ்டான்லி குப்ரிக் தம் ‘தி ஷைனிங்’ படத்தின் தொடக்கத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டிருந்த படச்சுருள்களை ஸ்காட் கேட்டு வாங்கினார். ஒரு திகில் படத்துக்காக எடுத்த மலை இன்னொரு படத்தில் ஆறுதலாக வந்து நிற்பது வேடிக்கைதான்.

ஆனால் இந்த முடிவில் ரசிகர்கள் கவனிக்கத் தவறுவது மலையை அல்ல, குரல் சொல்லும் ஒரு செய்தியை. ராக்கேல் தனிப்பட்ட படைப்பு என்றும், அவளுக்கு ஆயுள் வரையறை கிடையாது என்றும் நிறுவனத்தின் தலைவர் டைரல் தன்னிடம் சொன்னதாக டெக்கார்ட் அங்கே அறிவிக்கிறான். இதற்கு முன் படத்தில் எங்கும் வராத செய்தி இது. கூரையில் காஃப் உரக்கச் சொல்லிவிட்டுப் போகிற வாக்கு, அவள் வாழப்போவதில்லை என்பது பாவம்தான், ஆனால் யார்தான் வாழ்கிறார்கள் என்பது, இந்த ஒரு வரியால் பொருளற்றுப் போகிறது. பின்னாளைய வடிவங்களில் அந்த வாக்குதான் கடைசிச் சொல்: டெக்கார்ட் தரையில் கிடக்கும் காகித உருவத்தை எடுத்துப் பார்க்கிறான், காஃப் சொன்னது அவன் நினைவில் ஒலிக்கிறது, லிஃப்ட் கதவு மூடுகிறது, படம் முடிகிறது.

சர்வதேச வடிவத்தில் கூடுதலாக என்ன?

சில நொடி வன்முறை. ராய் தன்னைப் படைத்த டைரலின் கண்களில் விரலைப் புதைப்பது, டாரில் ஹானா நடித்த பிரிஸ் என்ற ரெப்ளிகண்ட் டெக்கார்டின் மூக்குத் துளைகளில் விரலிட்டுத் தூக்குவது, ராய் தன் உள்ளங்கையில் ஆணியைக் குத்துவது ஆகியவை இதில் முழுமையாக இருக்கின்றன. அமெரிக்காவிலும் வீடியோ கேசட், லேசர் டிஸ்க் வழியாகப் பலர் பார்த்தது இந்த வடிவத்தைத்தான். 1987இல் கிரைட்டீரியன் என்ற வீடியோ நிறுவனம் லேசர் டிஸ்க்கில் வெளியிட்டதும் இதுவே.

வொர்க் பிரிண்ட் எப்படி வெளியே வந்தது?

தற்செயலாக. கிடங்கில் கிடந்த 70 மி.மீ. பிரதி ஒன்று 1990 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபேர்ஃபாக்ஸ் திரையரங்கில் திரையிடப்பட்டது. வழக்கமான படத்தைப் பார்க்கப் போகிறோம் என்று வந்தவர்களுக்கு முன்னால், ரெப்ளிகண்ட் என்ற சொல்லுக்கு அகராதி விளக்கத்தோடு தொடங்கும், ராய் இறக்கும் இடம் தவிர வேறெங்கும் குரல் இல்லாத, மலைப்பாதை இல்லாத வேறொரு படம் ஓடியது. அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸின் நுவார்ட்டிலும் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோவிலும் அது திரையிடப்பட்டபோது கூட்டம் அலைமோதியது.

இயக்குநரின் வடிவம் என்ற பெயரில் அது விளம்பரப்படுத்தப்பட்டதுதான் சிக்கல். ஸ்காட் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணமும் இருந்தது: அது வேலை முடியாத பிரதி. வாஞ்சலிஸின் இசை முழுமையாகச் சேராத நிலையில், கடைசி மோதலுக்கு வேறு படங்களின் இசையைத் தற்காலிகமாக ஒட்டியிருந்தார்கள். முக்கியமாக, அவர் விரும்பிய கனவுக் காட்சி அதில் இல்லை.

1992இன் ‘டைரக்டர்ஸ் கட்’ இயக்குநரே செய்ததுதானே?

பெயர் அப்படிச் சொல்கிறது. வொர்க் பிரிண்டுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட வார்னர் நிறுவனம், முறையான வடிவம் ஒன்றை வெளியிட முடிவு செய்தது. ஸ்காட் அப்போது வேறு படங்களில் மூழ்கியிருந்தார். அவர் கொடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, படப் பாதுகாப்புப் பணியில் இருந்த மைக்கேல் ஆரிக்கின் மேற்பார்வையில் அவசரமாக அது உருவானது. குரல் நீங்கியது, மலைப்பாதை நீங்கியது, கனவு சேர்ந்தது. ஆனால் சர்வதேச வடிவத்தின் வன்முறை நொடிகள் இதில் இல்லை, பழைய தொழில்நுட்பப் பிழைகளும் அப்படியே இருந்தன. ஸ்காட்டுக்கே இதில் முழு நிறைவு இல்லை என்பதால்தான் 2007 வரை கதை நீண்டது.

நான் முதலில் பார்த்தது இந்த வடிவத்தைத்தான். கதை பாதி புரியாமலேயே இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன். குரல் இருந்திருந்தால் முதல் முறையே புரிந்திருக்கும், இரண்டாம் முறை பார்த்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

யூனிகார்ன் கனவு என்ன சொல்கிறது? அது வேறு படத்திலிருந்து எடுத்ததா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: இல்லை. ஸ்காட் 1985இல் ‘லெஜண்ட்’ என்ற படத்தை எடுத்தார். அதில் யூனிகார்ன்கள் வருகின்றன. அங்கு மிஞ்சிய துண்டைத்தான் 1992இல் இங்கே ஒட்டிவிட்டார் என்று ஒரு பேச்சு விடாமல் உலவுகிறது. கனவுக் காட்சி ‘பிளேட் ரன்னர்’ படத்துக்காகவே, அதன் பிந்தைய பணிகள் நடந்த காலத்தில் எடுக்கப்பட்டது. 1982இல் அதற்கு இடம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவே.

இனிப் பொருளுக்கு வருவோம். டெக்கார்ட் பியானோ முன் சோர்ந்து அமர்ந்திருக்கும்போது, மரங்களுக்கிடையே ஓடி வரும் ஒற்றைக் கொம்புக் குதிரை சில நொடிகள் தெரிகிறது. படத்தின் முடிவில் அவன் வீட்டு வாசலில் கிடப்பது, காஃப் வெள்ளித்தாளில் மடித்து வைத்த யூனிகார்ன். இந்த மடிப்புப் பொம்மை 1982இலும் இருந்தது. அப்போது அதன் பொருள், காஃப் இங்கே வந்தான், ராக்கேலைக் கண்டும் விட்டுவிட்டுப் போனான் என்பது மட்டும். கனவு சேர்ந்த பிறகு அதே பொம்மை வேறொன்றைக் கேட்கிறது: டெக்கார்ட் எவரிடமும் சொல்லாத கனவு காஃபுக்கு எப்படித் தெரிந்தது? ராக்கேலின் இளம்பருவ நினைவுகளை டெக்கார்ட் அவளிடமே ஒப்பித்துக் காட்டி, அவை வேறொருத்தியின் நினைவுகள் என்று முன்பு நிரூபித்திருந்தான். அதே காரியம் இப்போது அவனுக்கே நடக்கிறது. ஒரு பொம்மையைக்கூட மாற்றாமல், வெகு நேரத்துக்கு முன்னால் சில நொடிகளைச் சேர்த்தே அதன் பொருளை மாற்றிவிட முடிகிறது என்பது படத்தொகுப்பு என்ற கலையின் பலத்துக்கு நல்ல சான்று.

அப்படியானால் டெக்கார்ட் ரெப்ளிகண்ட்தானா?

ஸ்காட்டைக் கேட்டால் ஆம். 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் அவர் அதை நேரடியாகவே சொல்லிவிட்டார். ஃபோர்டோ, பார்வையாளர்கள் பற்றிக்கொள்ள ஒரு மனிதனாவது திரையில் இருக்க வேண்டும் என்று படப்பிடிப்பின்போதே வாதிட்டவர். திரைக்கதை எழுதிய ஃபான்ச்சர், கேள்வி கேள்வியாகவே இருக்கட்டும் என்ற பக்கம். டெனிஸ் வில்நோவ் இயக்கிய 2017ஆம் ஆண்டின் தொடர்ச்சிப் படமும் விடை சொல்லாமல் கவனமாக நழுவிக்கொள்கிறது.

வடிவங்களைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதே நேர்மையான பதில். திரையரங்க வடிவத்தில் டெக்கார்டுக்கு முன்னாள் மனைவி உண்டு, பழைய வாழ்க்கை உண்டு, தன்னைப் பற்றித் தானே பேசும் குரல் உண்டு. அவனை மனிதன் அல்ல என்று வாதிடுவது அங்கே கடினம். குரலை எடுத்தவுடன் அந்தக் கடந்த காலமும் கூடவே போய்விடுகிறது. பியானோவின் மேல் வரிசையாக இருக்கும் பழைய புகைப்படங்கள் யாருடையவை என்று சொல்ல ஆளில்லை. கனவைச் சேர்த்தவுடன் தராசு சாய்கிறது.

என் தரப்பைக் கேட்டால், கேள்வி 1982இலேயே போதிய அளவுக்கு இருந்தது என்பேன். ரெப்ளிகண்டா என்று கண்டறியும் சோதனையை நீ எப்போதாவது செய்துகொண்டதுண்டா என்று ராக்கேல் டெக்கார்டைக் கேட்கும் இடம் எல்லா வடிவங்களிலும் இருக்கிறது. அவன் தூங்கிவிட்டிருப்பான், பதில் வராது. உன்னைத் தேடி நான் வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லும்போது பின்னணியில் மங்கலாக நிற்கும் அவன் கண்களில் ரெப்ளிகண்ட்களின் கண்ணில் தெரியும் அந்தச் செம்பொன் ஒளி ஒரு கணம் மின்னும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடும் இந்த இரண்டு இடங்களும், கனவைவிட எனக்கு நெருக்கமானவை. ரெப்ளிகண்டைவிட மனிதத்தன்மை குறைந்துபோன ஒரு மனிதனை, சாகப்போகும் ரெப்ளிகண்ட் ஒருவன் கைகொடுத்துத் தூக்குகிறான் என்பதுதானே கூரைக் காட்சியின் கனம்? இருவருமே ரெப்ளிகண்ட் என்றால் அந்தக் கனத்தில் பாதி இறங்கிவிடுகிறது. இயக்குநர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் படம் அதற்குள் அடங்கிவிட வேண்டிய கட்டாயமில்லை. இந்தக் கருத்துக்கு எதிரணி வலுவானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: தன்னையே அறியாத வேட்டைக்காரன் தன்னைப் போன்றவர்களையே கொன்றுகொண்டிருந்தான் என்பது இன்னும் கொடூரமான கதை என்பார்கள், அதுவும் உண்மைதான்.

ஆறாவது ரெப்ளிகண்ட் யார்?

கணக்குப் பிழை. மேலதிகாரி பிரையண்ட் ஆறு பேர் தப்பியதாகவும், அவர்களில் ஒருவர் கருகி இறந்ததாகவும் சொல்கிறார். மீதம் ஐந்து இருக்க வேண்டும். நாம் பார்ப்பது ராய், லியோன், ஜோரா, பிரிஸ் என்ற நால்வரை. மேரி என்ற ஐந்தாவது பாத்திரம் திட்டமிடப்பட்டு, செலவுக் காரணங்களால் கைவிடப்பட்டது, வசனம் மட்டும் திருத்தப்படாமல் தங்கிவிட்டது. விட்டுப்போன அந்த ஒருவர் டெக்கார்ட்தான் என்று ரசிகர்கள் கட்டிய கோட்டை பெரியது. ‘ஃபைனல் கட்’டில் பிரையண்ட் இருவர் இறந்ததாகச் சொல்கிறார், கணக்கு நேராகிவிட்டது. டெக்கார்ட் ரெப்ளிகண்ட் என்று நம்பும் இயக்குநரே அந்தக் கோட்டையை இடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2007இன் ‘ஃபைனல் கட்’டில் வேறென்ன மாறியது?

ஸ்காட்டுக்கு முழு உரிமை கிடைத்த ஒரே வடிவம் இது. சார்லஸ் டி லாசரிக்கா தயாரிப்புப் பொறுப்பில் இருக்க, மூல நெகட்டிவ் 4கே தரத்திலும், 65 மி.மீ. தந்திரக் காட்சிகள் 8கே தரத்திலும் வருடப்பட்டன. கனவு இதில் முழுமையாக, கண் விழித்திருக்கும் டெக்கார்டின் முகத்தோடு மாறி மாறி வருகிறது. சர்வதேச வடிவத்தின் வன்முறை திரும்ப வந்தது. டைரலிடம் ராய் கூடுதல் ஆயுள் கேட்கும் இடத்தில், 1982இல் இருந்த வசைச்சொல்லுக்குப் பதிலாக ‘தந்தையே’ என்ற விளி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ஓசையில் நெருங்கியவை என்பதால் இது சிறு மாற்றம்போல் ஒலிக்கும். ஆனால் முன்னதில் மிரட்டல் இருக்கிறது, பின்னதில் மகன் இருக்கிறான். முன்னதை இழந்ததற்காக இன்னும் வருந்துபவர்கள் உண்டு.

பிழை திருத்தங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் மூன்றைச் சொன்னால் போதும். ஜோரா கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடி விழும் காட்சியில் முன்பு டூப் கலைஞரின் முகமும் பொய்முடியும் அப்பட்டமாகத் தெரியும். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, ஜோராவாக நடித்த ஜோயன்னா காசிடியே வந்து நடித்துக் கொடுக்க, அவர் முகம் கணினி வழியாகப் பொருத்தப்பட்டது. பாம்பு வியாபாரியிடம் டெக்கார்ட் பேசும்போது வாயசைவும் வசனமும் ஒட்டாமல் இருந்தன. அதைச் சரிசெய்ய ஃபோர்டின் மகன் பென் ஃபோர்டின் வாயசைவைப் பதிவு செய்து தந்தையின் முகத்தில் வைத்தார்கள். ராயின் புறா, கொட்டும் மழை இரவிலிருந்து காரணமில்லாமல் தெளிந்த நீல வானத்துக்குள் பறந்துகொண்டிருந்தது. இப்போது அது இருண்ட தொழிற்சாலைப் புகைக்கு மேல் பறக்கிறது.

நிறம் பற்றிய குறை என்ன?

இந்த வடிவத்துக்குக் கொடுத்த நிறத்தொனியில் பச்சை கலந்த நீலம் தூக்கலாக இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஜார்டன் க்ரோனன்வெத்தின் ஒளிப்பதிவைப் பழைய பிரதிகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உறுத்துகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குற்றச்சாட்டில் பொருள் இருக்கிறது.

முதன்முறை பார்ப்பவர் எதிலிருந்து தொடங்குவது?

‘ஃபைனல் கட்’. எளிதாகக் கிடைப்பதும் அதுதான். 2017இல் 4கே வட்டாகவும் வந்தது. முதல் முறை கதை கைக்கு முழுதாகச் சிக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், அந்த நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சில மாதங்கள் கழித்து திரையரங்க வடிவத்தைப் பார்க்கலாம். பலரும் இகழும் அந்தக் குரல் எங்கே உதவுகிறது, எங்கே குறுக்கே விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். வொர்க் பிரிண்ட் மூன்றாவதாக, அதுவும் இந்தப் படத்தின் மேல் பித்துப் பிடித்துவிட்டால் மட்டும். ‘டைரக்டர்ஸ் கட்’டைத் தேடி அலைய இன்று காரணம் ஏதும் இல்லை.

எல்லா வடிவங்களும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

2007 டிசம்பரில் வெளியான ஐந்து வட்டுத் தொகுப்பில் வொர்க் பிரிண்ட், இரண்டு திரையரங்க வடிவங்கள், ‘டைரக்டர்ஸ் கட்’, ‘ஃபைனல் கட்’ ஆகிய ஐந்தும் உள்ளன. படம் உருவான கதையைச் சொல்லும் மூன்றரை மணி நேர ஆவணப்படமும், மருத்துவமனையில் கிடக்கும் சக காவலர் ஹோல்டனை டெக்கார்ட் போய்ப் பார்ப்பது போன்ற நீக்கப்பட்ட காட்சிகளும் கூடவே இருக்கின்றன. எந்த வடிவத்திலும் சேராத அந்த மருத்துவமனைக் காட்சிகளில், ஹோல்டன் மூச்சுக் கருவிக்குள் படுத்தபடி ரெப்ளிகண்ட்களைப் பற்றி எரிச்சலோடு பேசிக்கொண்டே இருக்கிறார், டெக்கார்ட் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறான். தொலைக்காட்சி வடிவமும் சான் டியேகோ வடிவமும் தொகுப்பில் இல்லை.